அரைச்சுவர் காத்த காற்று

(கனகராயன்குளத்தில் பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வவுனியா வடக்கு மக்களுக்குத் தண்ணீரைப் பற்றி வெளியாள் ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுநீரக நோய் புகுந்த வீடுகளைக் கண்ட பிறகு, கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா என்று கேட்கப் பழகிவிட்டீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். அந்தப் போத்தலில் இருப்பது ஒரு லீற்றர். காலை ஏழரைக்கு வகுப்புக்குள் போய் ஒன்றரைக்கு வெளியே வருகிற அதே பிள்ளை, அந்த ஆறு மணி நேரத்தில் இரண்டாயிரம் லீற்றருக்குக் குறையாத காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது. தண்ணீரைப் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார். காற்றைப் பார்க்க யாரும் வருவதில்லை.

அந்தக் காற்றைப் பற்றித்தான் பேச வந்தேன். சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்று. அரைச்சுவரும் கம்பிவலையும் ஓட்டுக்கூரையுமாக நிற்கிற எங்கள் பழைய வகுப்பறைகள் பிள்ளைகளின் சுவாசப்பைக்குப் பெரிய காவல் செய்து வந்திருக்கின்றன. வசதி வருகிறது என்ற சந்தோஷத்தில் அந்தக் காவலை நாங்களே அடைத்துக்கொண்டு வருகிறோம்.

காற்றில் உயிர் இருக்கிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியக் காட்டியவர்களில் முக்கியமானவர் லூயி பாஸ்டர். 1860இல் அவர், கொதிக்க வைத்த சாறு நிரப்பி வாய் உருக்கி மூடிய குடுவைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். போன இடத்தில் குடுவையின் கழுத்தை உடைப்பார். அந்த இடத்துக் காற்று உள்ளே பாயும். உடனே திரும்ப மூடிவிடுவார். தாழ்ந்த நாட்டுப்புறத்தில் திறந்த இருபது குடுவைகளில் எட்டில் கிருமி வளர்ந்தது. யூரா மலையில் இருபதில் ஐந்து. ஆல்ப்ஸ் பனியாற்றின் மேல் இருபதில் ஒன்றே ஒன்று. இடத்துக்கு இடம் காற்று வேறு, அதில் மிதக்கிற உயிர்களும் வேறு என்பது அந்தக் குடுவைகளிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளும் அப்படித்தான். மைதானத்துக் காற்று, ஆய்வுகூடத்துக் காற்று, கதவு சாத்திய கணினி அறைக் காற்று மூன்றும் ஒன்றல்ல.

காற்றில் மிதக்கிற நுண்ணங்கிகளில் பெரும்பாலானவற்றால் எங்களுக்கு ஒரு கெடுதியும் இல்லை. உழுத வயலில் இருந்தும் காட்டு மண்ணில் இருந்தும் பற்றீரியாவும் பங்கசு வித்திகளும் ஓயாமல் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. காலபோகம் முடிந்து சூடடிக்கிற நாட்களில் வைக்கோல் தூசியோடு அவை இன்னும் கூடும். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் இழுப்பு வருவதை அம்மாமார் அறிவார்கள். ஆனால் ஒரு வகுப்பையே படுக்க வைக்கிற கிருமிகள் வயலில் இருந்து வருவதில்லை. அவை இன்னொரு பிள்ளையின் மூச்சில் இருந்து வருகின்றன. சின்னமுத்து, கொப்பளிப்பான், இன்புளுவென்சா, கசநோய், கொரோனா எல்லாம் அந்த வழியால் வருபவை.

இருமும்போது தெறிக்கிற பெரிய துளி ஓரிரு மீற்றருக்குள் கீழே விழுந்துவிடும். சின்னத் துளிக்கு விழ நேரமில்லை. போகிற வழியிலேயே காய்ந்து, கிருமியைச் சுமந்த தூசியாகி மிதக்கத் தொடங்கிவிடும். அமெரிக்கரான வில்லியம் வெல்ஸ் 1934இலேயே இதை எழுதிவிட்டார். அவருடைய மாணவர் ரிச்சர்ட் ரைலி, பால்ற்றிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் கசநோயாளர் விடுதியின் காற்றைக் குழாய் வழியே கூரைக்கு எடுத்து, அங்கே கூண்டில் வைத்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க விட்டார். நோயாளியின் பக்கமே போகாத அந்தப் பிராணிகளுக்குக் கசநோய் வந்தது. 1950களின் பிற்பகுதி அது. இதே ரைலி பின்னர் ஆராய்ந்த பள்ளிக்கூடக் கதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. 1974இல் நியூயோர்க் மாநிலத்தின் ரோச்செஸ்ரர் பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குச் சின்னமுத்து வந்தது. அந்த ஒரு பிள்ளையிடம் இருந்து 28 பிள்ளைகளுக்குத் தொற்றியது. அவர்கள் 14 வெவ்வேறு வகுப்பறைகளில் இருந்தவர்கள். பலர் அந்தப் பிள்ளையோடு ஒரே அறையில் இருந்ததே இல்லை. கட்டடத்தின் காற்றுக் குழாய், ஒரு வகுப்பின் மூச்சை மற்ற வகுப்புகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தது.

அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. 2009இல் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். ஒரு கூடாரத்துக்குள் எத்தனை பேர் படுத்தோம் என்பது உங்களுக்கு மறக்காது. கொப்பளிப்பான் அங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு வந்தது. அது காற்றால் பரவும் நோய். நெருக்கமும் அடைப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும் 2020இல் உலகம் தடுமாறியது. அந்த ஆண்டு மார்ச் 28 அன்று, கொரோனா காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. ஜூலையில் லிடியா மொரவ்ஸ்காவும் டொனால்ட் மில்ற்றனும் எழுதி, 239 விஞ்ஞானிகள் ஆதரித்த கடிதம் வெளிவந்த பிறகுதான் அந்தப் பிடிவாதம் தளரத் தொடங்கியது. அதன் விளைவை எங்கள் பள்ளிக்கூடங்களில் இன்றும் பார்க்கலாம். படலையடியில் கை கழுவும் தொட்டி கட்டினோம். நெற்றியில் வெப்பமானி பிடித்தோம். மேசைகளைத் துடைத்தோம். எந்த வகுப்பறையில் காற்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கேட்கவில்லை. மாதக்கணக்கில் பள்ளிக்கூடத்தையே மூடினோமே தவிர, மூடிக் கிடந்த யன்னல்களைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த இழப்பு பிள்ளைகளுடையது. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை.

காற்று மாறுகிறதா இல்லையா என்பதை அளக்க எளிய வழி ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 1858இல் மியூனிக் நகரத்து மக்ஸ் பெற்றன்கோபர், அறைக்குள் சேர்கிற காபனீரொட்சைட்டை அளந்தாலே போதும், மற்றவர் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார். மில்லியனில் ஆயிரம் பங்கைத் தாண்டினால் அது இருக்கத் தகாத அறை என்பது அவர் வைத்த எல்லை. இப்போது வெளிக்காற்றில் ஏறக்குறைய 420 பங்கு இருக்கிறது. நாங்கள் வெளிவிடும் மூச்சில் அது 40,000. ஆகவே அறையில் 2,000 காட்டினால், உள்ளே இழுக்கிற ஒவ்வொரு இருபத்தைந்து மூச்சிலும் ஒரு மூச்சு அங்கிருக்கிறவர்கள் ஏற்கெனவே விட்ட காற்று என்று அர்த்தம்.

இனி எங்கள் வகுப்பறைக்கு வருவோம். இருபதடிக்கு இருபதடி, பத்தடி உயரம். கனவளவு 113 கனமீற்றர். உள்ளே 35 பிள்ளைகள். கதவையும் யன்னலையும் சாத்திவிட்டால், நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று முடியுமுன் 2,000ஐத் தாண்டிவிடும். ஒருவருக்கு வினாடிக்குப் பத்து லீற்றர் வெளிக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. 35 பேருக்குக் கணக்குப் பார்த்தால், அறைக் காற்று முழுவதும் ஐந்தரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். யந்திரம் இல்லாமல் இது நடக்கிற காரியமா என்று தோன்றும். மூன்றடி அரைச்சுவருக்கு மேல் நாலடி கம்பிவலை, எதிர்ப்பக்கத்திலும் அதே போல; மரத்து இலை அசையாத அளவு மெல்லிய காற்று வந்தாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்த அறைக் காற்று மாறிவிடும். சோளகம் வீசுகிற மாதங்களில் கொப்பி பறக்கிறது என்று பிள்ளைகள் முறையிடுவார்களே, அந்த வேகத்துக்குச் சாதாரண மருத்துவமனை விடுதியின் காற்றோட்ட யந்திரம் கிட்ட வராது. நூறடிக்கு இருபத்தைந்தடி என்று அளவு சொல்லி நாங்கள் கட்டிய நீளக் கட்டடங்களும், வகுப்புகளைப் பிரித்த மறைப்புத் தட்டிகளும், முகட்டருகே வைத்த பூக்கல்லும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்து வந்திருக்கின்றன.

திறந்த வெளிக் காற்றுக்கு இல்லாத மகிமையைச் சொல்லவும் கூடாது. தமிழ் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் கசநோய் விடுதி நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் அங்கே சிகிச்சை பெற்றார். 1928இல் அதே மருத்துவர் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் ஒரு விடுதி அமைத்தார். தூய காற்றும் வெளிச்சமும் ஓய்வும் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் எழுந்த இடம் அது. பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, அதே மருந்தை ஒழுங்காக எடுத்தால் நெருக்கமான வீட்டில் இருக்கிற ஏழை நோயாளியும் விடுதியில் இருப்பவரைப் போலவே குணமாவார் என்று காட்டியது. ஆக, நோயைத் தீர்த்தது மருந்துதான். ஆனால் மருந்து தொடங்குமுன், நோய் இருப்பதே தெரியாத வாரங்களில், பக்கத்தில் இருக்கிறவர்களைக் காப்பது காற்றோட்டம். இதற்கு அண்மைக்காலச் சான்று தாய்வானில் இருக்கிறது. தாய்பே நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் 27 பேருக்குக் கசநோய் பரவியது. அங்குள்ள அறைகளில் காபனீரொட்சைட்டு 3,000க்கு மேல் இருந்தது. காற்றோட்டத்தைச் சீர்செய்து அதை 600 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். புதிய தொற்று ஏறக்குறைய நின்றே போனது.

அப்படியிருக்க ஏன் மூடுகிறோம்? ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மாரியில் வாடைக்காற்றோடு சாரல் அடித்தால் முன்வரிசையே நனைகிறது. இரவில் நாயும் மாடும் படுக்கின்றன. குரங்கு சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. கணினி வைத்த அறையைப் பூட்டாமல் எப்படி விடுவது? பக்கத்து வகுப்புச் சத்தத்தில் பாடம் நடத்த முடிவதில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. 2009க்குப் பிறகு பல ஆண்டுகள் தகரக் கொட்டகையில் படிப்பித்த ஊர்கள் இவை. முழுச்சுவர் வைத்த, கண்ணாடி யன்னல் பூட்டிய கட்டடம் வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆனால் அந்த அறையில் ஏசி பூட்டும்போது கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் மாட்டுகிற சாதாரண ஏசி வெளியே இருந்து ஒரு துளி புதுக்காற்றும் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே இழுத்து, குளிராக்கி, திரும்ப விடுகிறது. வெளியே தெரிகிற பெட்டி வெக்கையை வெளியேற்றத்தான். மின்விசிறியும் அப்படியே: இருக்கிற காற்றைச் சுற்றிவிடும், மாற்றாது. கணினி அறையில் இரண்டாம் பாடவேளைக்குப் பிறகு பிள்ளைகள் கொட்டாவி விட்டால், பாடத்தின் மேல் பழி போடுமுன் கதவைத் திறந்து பாருங்கள்.

மூடியதன் இரண்டாவது விளைவு ஈரம். 2018 டிசெம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். இங்கிருந்து வடக்கே ஓடுகிற கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்ப, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் வீடுகளில் தண்ணீர் புகுந்தது. பள்ளிக்கூடங்கள் இடைத்தங்கல் முகாம்களாயின. திறந்த கட்டடம் வெயில் வந்ததும் காய்ந்துவிடும். சீலிங் அடித்து, பலகைத் தடுப்பு வைத்து, யன்னல் பூட்டிய அறை காயாது. நனைந்த சீலிங்கிலும் கொப்பிக் கட்டிலும் பூஞ்சணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு இருமலும் முட்டும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. சீலிங்குக்கு மேலே வௌவாலும் புறாவும் குடியேறினால் இன்னொரு சிக்கல். காய்ந்த எச்சத்தில் ஹிஸ்ரோபிளாஸ்மா, கிரிப்ரோகொக்கசு போன்ற பங்கசுகள் இருக்கக்கூடும். அதை மாணவர்களைக் கொண்டு கூட்ட வைக்கவே கூடாது. பெரியவர்கள் முகக்கவசம் அணிந்து, முதலில் நன்றாக நனைத்த பிறகு அள்ள வேண்டும்.

கூட்டுவது என்றதும் இன்னொன்று. காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பார்க்கலாம். முறை வைத்த பிள்ளைகள் தும்புத்தடியால் விறுவிறு என்று கூட்டுகிறார்கள். நேற்றைய சோக்குத்தூள், காலில் ஒட்டி வந்த செம்மண், அதோடு ஒட்டிய வித்திகள் எல்லாம் எழும்புகின்றன. பத்து மைக்ரோமீற்றர் துணிக்கை ஐந்தடி உயரத்தில் இருந்து தரைக்கு வர எட்டு நிமிடம் எடுக்கும். மூன்று மைக்ரோமீற்றர் அளவுள்ள அஸ்பர்ஜிலசு வித்தி, அசையாத காற்றில் ஒன்றரை மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். முதற்பாடம் முழுவதும் பிள்ளைகள் அதைத்தான் இழுக்கிறார்கள். பின்னேரம் வகுப்பு கலைந்த பிறகு கூட்டுவது, அல்லது தண்ணீர் தெளித்துக் கூட்டுவது, ஒரு சதமும் செலவில்லாத மாற்றம்.

திறந்த வகுப்பறை எல்லா நாளும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 2022 டிசெம்பரில் இந்தியப் பக்கம் இருந்து வந்த புகைமூட்டம் வடக்கை மூடியபோது, டிசெம்பர் 9ஆம் திகதி அரசு பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டது. அரைச்சுவர் அந்தப் புகையைத் தடுக்காது. அது அபூர்வமான நாள். அன்றாடப் புகையை நாங்களே உண்டாக்குகிறோம்: வளவுச் சருகையும் பொலித்தீனையும் காலைக் கூட்டத்துக்கு முன்னே கொளுத்துகிறோம், அது நேரே வகுப்புக்குள் போகிறது. சருகை உரக்குழியில் போடலாம். ஏ9 வீதியை ஒட்டிய கட்டடமாக இருந்தால், வீதிப் பக்கம் வேலியோரம் அடர்ந்த மரங்களை வைத்து, எதிர்ப்பக்கத்தைக் கூடுதலாகத் திறந்து கட்டலாம்.

புதுக் கட்டடத்துக்கு வரைபடம் வரும்போது அபிவிருத்திச் சங்கம் கேட்க வேண்டியவை உண்டு. தாழ்வாரம் ஐந்தடியாவது வெளியே நீள வேண்டும். சாரலுக்கு மருந்து அதுதான், சுவர் அல்ல. யன்னல் வேண்டுமென்றால் எதிரெதிர்ச் சுவர்களில் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் யன்னல் வைத்த அறையில் காற்று ஊடுருவாது. மேலே கீல் போட்டு வெளிப்பக்கம் தள்ளித் திறக்கிற பலகை, மழையிலும் திறந்திருக்கும். களவுக்குப் பயமென்றால் இரும்புக் கம்பி இருக்கிறது, அதனூடே காற்று போகும். முகட்டருகே பூக்கல் வைக்க மறக்கக் கூடாது: காற்றே இல்லாத சித்திரைப் புழுக்கத்தில் வெக்கை மேலேறி அதனூடே வெளியேறும், கீழே புதுக்காற்று வரும். ஏசி கட்டாயம் வேண்டிய அறையில் வெளியே தள்ளுகிற விசிறி ஒன்றைப் பூட்டி, எதிர்ச்சுவரில் காற்று வர வழியும் விட வேண்டும்.

பின்வரிசையில் இருக்கிற உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உருளைக்கிழங்கு அவித்த நீரில் சீனியும் அகரும் சேர்த்து, அழுத்தச் சட்டியில் கிருமி நீக்கி, பெற்றிக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். நிலத்தில் இருந்து ஒரு மீற்றர் உயரத்தில், சுவரில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி, ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். உலகத்தில் பலர் பின்பற்றும் முறை இது. ஒன்று அரைச்சுவர் வகுப்பில், ஒன்று கணினி அறையில், ஒன்று நூலகத்தில், ஒன்று மாமர நிழலில். மூடி ஒட்டி ஐந்து நாள் வைத்தால் தெரியும்: வெள்ளைக் கரை கட்டிய நீலப்பச்சை வட்டம் பெனிசிலியம், கரித்தூள் தூவியது போல் இருப்பது பெரும்பாலும் கறுப்பு அஸ்பர்ஜிலசு, ஒலிவ் நிறத்தில் வெல்வெட்டுப் போலப் படர்வது கிளடொஸ்போரியம், மஞ்சள் பொட்டாக மினுங்குவது மனிதத் தோலிலும் வாழ்கிற மைக்ரோகொக்கசாக இருக்கலாம். ஒட்டிய மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். எண்ணி முடித்ததும் ஆசிரியர் முன்னிலையில் குளோரின் கரைசலில் ஊறவைத்து அழித்துவிடுங்கள். இந்தக் கிண்ணத்தில் வைரசு தெரியாது, கசநோய்க் கிருமியும் வளராது. ஆகவே பக்கத்தில் காபனீரொட்சைட்டு மானி ஒன்றும் இருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற கருவி அது. பழைய மாணவர் சங்கம் ஒன்று வாங்கிக் கொடுத்தால், அறைக்கு அறை கொண்டுபோய் ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் காட்டுகிற எண்ணை எழுதலாம். ஆயிரத்துக்கு மேல் போகிற அறையின் பெயரை அறிவித்தல் பலகையில் போடுங்கள். அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அந்தத் தாளை முதல் விடயமாக எடுக்கும்படி அதிபரிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். மாரி தொடங்க முன் ஒருமுறை, யன்னல்களைச் சாத்துகிற கார்த்திகை மாதத்தில் ஒருமுறை அளந்தால் வித்தியாசம் எண்ணிலேயே தெரியும். எந்த அறையில் தொடங்குவது என்பதைப் பின்வரிசையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.